மருந்துப் பை இருக்கட்டும், முதலில் தடுப்பூசி அட்டை

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். என் கணவருக்கு பிரான்சில் லியோன் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் ஒன்பது வாரத்தில் கிளம்புகிறோம். மகளுக்கு நாலு வயது, சளி பிடித்தால் வீசிங் வரும். மகனுக்குப் பத்து மாதம், எட்டு கிலோ. ஊசியெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட்டோம். ஒரு வருஷத்துக்கான மருந்தை இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா? விமானத்தில் தூங்குவதற்கு சிரப் தரலாமா? மாமியார் உரை மருந்தும் கண்மையும் நெய்யும் கட்டி வைத்திருக்கிறார். மகளின் தடுப்பூசி அட்டை ஃபெஞ்சல் புயலில் நனைந்து பாதி எழுத்து அழிந்துவிட்டது. அது தேவைப்படுமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அங்கே போயும் பார்த்துக்கொள்ளலாம், அட்டை விஷயம் அப்படியல்ல.

பிரான்சில் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். உங்கள் மகள் போனவுடன் சேர வேண்டியிருக்கும், சேர்க்கும்போதே தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு மூன்று மாதம் அவகாசம் தருவார்கள். 2018 ஜனவரி முதல் பிறந்த குழந்தைகளுக்கு அங்கே குறைந்தது 11 நோய்களுக்கான தடுப்பூசி கட்டாயம். அவற்றில் பெரும்பாலானவை நம் அரசு அட்டவணையிலேயே இருக்கின்றன. இடிப்பது இரண்டு: பொன்னுக்கு வீங்கி, மெனிஞ்சோகாக்கஸ் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல். சுகாதார நிலையத்தில் போடும் எம்ஆர் ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான். பிரான்சில் கேட்பது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர்.

மகளுக்கு இந்த வாரமே எம்எம்ஆர் போட்டுவிடுங்கள், நாலு வாரம் கழித்து இன்னொன்று. இந்த ஊசிக்குக் காய்ச்சல் அன்றைக்கே வராது, ஏழிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் வரலாம். அதனால் இரண்டாவது ஊசிக்கும் பயணத்துக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இருக்கட்டும். உங்களிடம் உள்ள ஒன்பது வாரம் அதற்குப் போதும். மகனுக்கு ஒன்பது மாத எம்ஆர் போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். அவனுக்கு எம்எம்ஆரையும், இருவருக்கும் அந்த மூளைக்காய்ச்சல் ஊசியையும் அங்கே போனபின் போட்டுக்கொள்ளலாம்.

நனைந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிந்த பக்கங்களை வெயிலில் படாமல் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். அதோடு ஊசி போட்ட சுகாதார நிலையத்துக்குப் போய், பதிவேட்டில் இருக்கும் தேதிகளை எழுதி, முத்திரையோடு வாங்குங்கள். தேதி ஒவ்வொன்றும் முக்கியம். சான்று இல்லாத ஊசியைப் போடாத ஊசியாகவே எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு மறுபடி குத்த வேண்டிவரலாம். பிறந்தவுடன் இடது தோளில் பிசிஜி போட்டதையும் குறிக்கச் சொல்லுங்கள். காசநோய்க்கான தோல் பரிசோதனை செய்தால், இந்த ஊசியாலேயே தடிப்பு வர வாய்ப்பு உண்டு.

சரி, மருந்துக்கு வருவோம். ஒரு வருஷ மருந்து வேண்டவே வேண்டாம். போய் இறங்கி அங்கே டாக்டரைப் பார்க்கும்வரைக்கும், அதாவது ஒரு மாதத்துக்கு, போதும். ஆன்டிபயாடிக் சிரப்பை 'இருக்கட்டும்' என்று எடுத்துப் போகவே போகாதீர்கள்.

பாராசிட்டமாலில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். நம் கடைகளில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப் சாதாரணமாகக் கிடைக்கும். பிரான்சில் வழக்கமாகத் தரும் சிரப்பில் ஒரு மில்லிக்கு 24 மில்லிகிராம்தான், நம்முடையதில் பாதிக்கும் குறைவு. அங்கே பாட்டிலோடு வரும் பிஸ்டனில் (மருந்தை உறிஞ்சி எடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சில்) கோடுகள் மில்லிக்கு அல்ல, குழந்தையின் எடைக்குப் போட்டிருக்கும். எட்டு கிலோ மகனுக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம். அங்கத்திய சிரப்பில் அது 5 மில்லி, உங்கள் பையில் இருக்கும் 250 சிரப்பில் 2.4 மில்லிதான். ராத்திரி இரண்டு மணிக்குப் பழக்கத்தில் 5 மில்லி ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஒரு பாட்டிலின் பிஸ்டனை இன்னொரு பாட்டிலுக்கு எடுக்கவே கூடாது.

மகளின் இன்ஹேலர், ஸ்பேசர் இரண்டையும் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள். மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை உங்கள் டாக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தூக்க சிரப் கூடாது. தூங்குவதற்கென்று வழக்கமாகத் தருவது சளி சிரப்தான். சளி, இருமல் கூட்டு மருந்துகளில் ஒன்றை, குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்ததை, நாலு வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லியிருக்கிறது. சில குழந்தைகள் அதைக் குடித்துத் தூங்காமல் இன்னும் ஆர்ப்பாட்டம் செய்யும். சிலருக்கு மூச்சு மந்தமாகும், அதுதான் என் பயம். விமானம் இறங்கத் தொடங்கும்போது மகன் தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது வலி குறையும்.

மாமியார் ஆசையாகக் கட்டியது, அதைத் தட்டிப் பேசுவது கஷ்டம்தான். ஆனால் வெளியிலிருந்து பால் பொருள், இறைச்சி கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதியில்லை, நெய்யும் அதில் சேரும். கண்மையில் ஈயம் இருக்கலாம், இங்கேயும் வேண்டாம். உரை மருந்தைத் தேனில் குழைத்துத் தருவதாக இருந்தால் ஒரு வயது முடியும்வரை தேனே கூடாது. அதற்குப் பதில் ரசப்பொடி அரைத்துத் தரச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.

பிரான்சில் பிஎம்ஐ என்ற தாய் சேய் நல மையங்கள் ஆறு வயதுவரை குழந்தைகளை இலவசமாகப் பார்க்கும். போன முதல் வாரத்திலேயே முத்திரை போட்ட அந்தத் தாளோடு இரண்டு பேரையும் அங்கே கூட்டிப் போங்கள். அவசரத்துக்கு 15 என்ற எண்ணை இருவர் போனிலும் இங்கேயே பதிந்து வைத்துவிடுங்கள்.