கென் பாக்ஸ்டன் பதவியில் நீடித்தது எப்படி?

டெக்சாஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் இத்தனை வழக்குகளுக்குப் பிறகும் எப்படி நீடித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மாநிலங்களில் ஆளுநர் நியமிக்கும் அட்வகேட் ஜெனரலைப் போலன்றி, அங்கு அப்பதவிக்கு மக்களே வாக்களிக்கிறார்கள். 2015இல் பதவியேற்ற சில மாதங்களிலேயே பங்குப் பத்திர மோசடிக் குற்றச்சாட்டு பதிவானபோதும், 2018, 2022 தேர்தல்களில் அவரே வென்றார்.

பெரும் புயல் 2020இல் அவரது அலுவலகத்துக்குள்ளேயே கிளம்பியது: பாக்ஸ்டனுக்கு நன்கொடை அளித்த ஒரு நிலவணிகருக்காக அவர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக அவரது மூத்த உதவியாளர்களே அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் புகார் அளித்தனர். அவரது குடியரசுக் கட்சியே பெரும்பான்மை வகித்த மாநிலச் சட்டமன்றக் கீழவை, 2023 மே மாதம் 121க்கு 23 என்ற வாக்குகளில் அவர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியதால், விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கப்பட்டார்; ஆனால் தண்டிக்க மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவைப்பட்ட மாநில மேலவையான செனட், செப்டம்பரில் 16 குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. (செனட் உறுப்பினரான அவர் மனைவிக்கு வாக்களிக்க அனுமதியில்லை.) மோசடி வழக்கும் 2024இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, இழப்பீடும் 100 மணிநேரச் சமூக சேவையும் என்ற உடன்பாட்டோடு முடிந்தது.