கோடை முடிந்த ரொறன்ரோவில் பாட்டுக் கேட்கப் போவது

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஓகஸ்ற்றில் வந்திறங்கினீர்கள். ஸ்காபரோவில் கெனடி சப்வே ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்ற் அறை, கிழமை நாட்களில் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும் வேலை. தெருவிழாக்கள் எல்லாம் முடிந்துவிட்டன என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். இனி அடுத்த கோடை வரை வேலையும் வீடும் மட்டும்தானா, நேரில் பாட்டுக் கேட்க, நாலு மனிதரைப் பார்க்க இடம் உண்டா, தனியாகப் போகலாமா, என்ன செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடம் நிறையவே இருக்கிறது. கோடையில் பாட்டு தெருவுக்கு வரும், நீங்கள் சும்மா நடந்து போனாலே காதில் விழும். செப்டெம்பர் பிறந்தால் அது கட்டடங்களுக்குள் போய்விடும், நாங்கள்தான் தேடிப் போக வேண்டும். உண்மையில் இங்குள்ள இசை அரங்குகளுக்கு வருஷம் தொடங்குவதே செப்டெம்பரில்தான். வெளியே நிற்பவருக்கு எல்லாம் முடிந்ததுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வருகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அடுத்த நாளே பின்னேரம் ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அந்த இருட்டில் தெரியாத ஓர் இடத்துக்குப் புதிதாகக் கிளம்ப யாருக்கும் மனம் வராது. பழகின இடமென்றால் போவோம். அதனால் செப்டெம்பர், ஒக்ரோபரிலேயே ஓரிரண்டு இடங்களைப் பிடித்து, திரும்பத் திரும்ப அங்கேயே போய்ப் பழகுங்கள். பத்து இடத்துக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட ஒரே இடத்துக்குப் பல தடவை போவதில்தான் பலன் உண்டு. மூன்றாம் தடவை வாசலில் நிற்பவர் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். புதிதாக வந்தவருக்கு அது சின்ன விஷயமில்லை.

பின்னேர வேலையென்று கவலைப்பட்டிருந்தீர்கள். உங்களுக்கு அதுதான் வசதி. இந்த நகரத்தில் நல்ல இசை பல மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அதுவும் இலவசமாக நடக்கிறது. பகல் வேலைக்காரருக்கு அது கிடையாது. குவீன் தெருவும் யூனிவர்சிற்றி அவெனியூவும் சந்திக்கும் மூலையில் ஃபோர் சீசன்ஸ் சென்ரர் இருக்கிறது, கனேடிய ஒபேரா கொம்பனியின் வீடு. 2006இல் திறந்தது. அதன் மேல்மாடியில் கண்ணாடிச் சுவரோரம் படிக்கட்டுபோல அமைத்த ஒரு சின்ன அரங்கு உண்டு, ரிச்சர்ட் பிராட்ஷோ அம்ஃபிதியேற்றர் என்று பெயர். இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை அங்கே மத்தியான இலவசக் கச்சேரிகள் நடக்கும். பாட்டு, பியானோ, ஜாஸ், நடனம், வெவ்வேறு நாட்டு இசை, எல்லாம் வரும். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பாடகருக்குப் பின்னால் கண்ணாடி வழியே யூனிவர்சிற்றி அவெனியூவில் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் மட்டும் கேட்காது. நேரம் பிந்திப் போனால் உள்ளே விடமாட்டார்கள், அரைமணி முன்னதாகவே போய் நில்லுங்கள். முன்பதிவு கேட்கிறார்களா என்று போகமுன் அவர்களது தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒஸ்குட் ஸ்ரேஷனில் இறங்கினால் வாசலிலேயே ஏறலாம்.

இன்னொன்று ரொறன்ரோப் பல்கலைக்கழக இசைப் பீடம். மியூசியம் ஸ்ரேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் எட்வேர்ட் ஜோன்சன் கட்டடம், அதற்குள் வோல்ற்றர் ஹோல். படிப்பு நடக்கும் மாதங்களில் வியாழக்கிழமை மத்தியானங்களில் இலவச நிகழ்ச்சி வைப்பார்கள். மாணவர்கள் வாசிக்கும் இலவச நிகழ்ச்சிகளும் தனியாக நடக்கும். கூட்டம் குறைவு. ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம், அவர்கள் நன்றாகக் கதைப்பார்கள். எனக்கு இந்த நகரத்தில் மிகப் பிடித்த இடம் எதுவென்று கேட்டால், பெரிய மண்டபங்களை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். பஸ் காசு மட்டும்தான் செலவு. பிரெஸ்ரோ என்ற பயண அட்டையில் 3.30 டொலர், இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் அதே காசு. ஸ்காபரோவிலிருந்து ஒரே பாதையில் போய்வந்தால் ஏழு டொலருக்குள் முடிந்துவிடும்.

பெரிய மண்டபங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோய் தொம்சன் ஹோல் 1982இல் கட்டியது, ரொறன்ரோ சிம்பொனி என்ற பெரிய வாத்தியக் குழு அங்கேதான் வாசிக்கிறது. மஸி ஹோல் 1894இலிருந்து நிற்கிறது, சில வருஷம் மூடித் திருத்தி 2021 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். ஜாஸ் பிரியர்களுக்கு அது ஒரு கோயில். 1953 மே 15 அன்று சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கிலெஸ்பியும் அங்கே சேர்ந்து வாசித்தார்கள். அதே இரவில் ஒரு பெரிய குத்துச்சண்டை இருந்ததால் மண்டபம் நிறையவில்லையாம்! புளோர் தெருவில் 2009இல் திறந்த கேர்னர் ஹோல் இன்னும் சின்னது, 1,135 இருக்கைகள்தான், ஆனால் ஒலிக்கு அதுதான் என்று இங்கே பலர் சத்தியம் செய்வார்கள். முழு விலை கொடுக்க அவசரப்பட வேண்டாம். சிம்பொனியில் 35 வயது வரையுள்ளவர்களுக்கும், ஒபேராவில் 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் மலிவு விலை ரிக்கெற் உண்டு. உங்கள் வயதில் அதை விடக்கூடாது. ரிக்கெற்றை மண்டபத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். யாரோ கைமாற்றித் தருவதாகச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பும் ரிக்கெற்றுக்குக் காசு அனுப்பாதீர்கள். 13 வீத வரியும் சேவைக் கட்டணமும் கடைசியில் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சிம்பொனிக்கு முதல் தடவை போகும்போது ஒன்று விசித்திரமாக இருக்கும். நாங்கள் தொடையில் தாளம் போட்டு, நல்ல இடம் வந்தால் ‘ஆகா’ என்று சொல்லிப் பழகியவர்கள். அங்கே ஒருவரும் அசையமாட்டார்கள், இருமலைக்கூட அடக்கிக்கொண்டு இருப்பார்கள். ஒரு பகுதி முடிந்து நிசப்தம் வந்தாலும் முழுதும் முடிந்ததென்று நினைத்துக் கைதட்ட வேண்டாம். முன்வரிசை தட்டும்போது தட்டினால் போதும்.

மதுக்கடைகளிலும் இசை இருக்கிறது. குவீன் தெரு மேற்கில் ரெக்ஸ் ஜாஸுக்கு, 1947இல் தொடங்கிய ஹோர்ஸ்ஷூ ரவேர்ண் ரொக்கிற்கும் கன்ற்றிக்கும். 19 வயது காட்டும் அடையாள அட்டை வேண்டும். குடிக்கத்தான் வேண்டுமென்றில்லை, ஒரு சோடா வாங்கி வைத்துக்கொண்டு இருக்கலாம், ஆனால் பரிமாறுபவருக்கு ரிப்ஸ், அதாவது சந்தோஷக் காசு, வைக்க வேண்டும். இரவு ஒன்றரைக்குப் பிறகு சப்வே நிற்கும். அதன் பிறகு முந்நூறு வரிசை எண் கொண்ட இரவு பஸ்கள்தான், அரைமணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒக்ரோபரில் அரைமணி நிற்கலாம், நவம்பரில் அது வேறு கதை.

செப்டெம்பர் பிறந்தால் பாட்டு கட்டடங்களுக்குள் போய்விடும் என்றேன், அதற்கு ஒரே ஒரு இரவு மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் சனியில் நுயி பிளாஞ் வரும். 2006 முதல் நடக்கிறது, மாலை ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை நகரத் தெருக்களில் கலைப் படைப்புகள், வெளிச்சம், சத்தம், இசை, எல்லாம் இலவசம். பாதிப் படைப்புகள் எனக்கு விளங்குவதில்லை, ஆனால் நடுச்சாமத்தில் குடும்பம் குட்டிகளோடு நகரமே நடந்து திரிவதைப் பார்க்கவாவது போக வேண்டும். தனியாகப் போனாலும் தனிமையாக இருக்காது. அதே காலத்தில், செப்டெம்பர் கடைசியில், கல்ச்சர் டேய்ஸ் என்று நாடு முழுவதும் இலவச நிகழ்ச்சிகள் தொடங்கும். நூலகக் கிளைகளிலும் ஏதாவது இருக்கும். நூலக அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால் நாளைக்கே எடுங்கள்.

இனி எங்கள் ஆட்களின் நிகழ்ச்சிகள். நவராத்திரிக்கு ஸ்காபரோக் கோயில்களிலும் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலிலும் மாலைகளில் பாட்டும் நடனமும் இருக்கும். ஒரு சதமும் செலவில்லை, சாப்பாடும் கிடைக்கும். பாரதி கலா மன்றம் கர்நாடகக் கச்சேரிகள் வைக்கிறது, ராக்மாலா என்ற சபை இந்துஸ்தானிக்கு. ஒக்ரோபர், நவம்பர் சனிக்கிழமைகளில் பழைய மாணவர் சங்கங்களின் இராப்போசனம் நடக்கும். நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கப் பெரும் வாய்ப்பு இருக்கிறது, விசாரியுங்கள். அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டிருந்தால் ஏழரைக்குத் தொடங்கும், பேச்சுகள் நீளும், பாட்டுக்குழுவின் ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசையில் மட்டும் இருந்துவிடாதீர்கள். இசைக்காகப் போகிற இடமில்லை அது. ஆனால் வேலைக்கோ வீட்டுக்கோ யாராவது ஒருவரின் தொலைபேசி எண் கிடைக்கிற இடம். செப்பர்ட் அவெனியூ கிழக்கில் சீனப் பண்பாட்டு மையத்தின் அரங்கில் எங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றங்கள் அடிக்கடி நடக்கும். வடக்கே பக்கத்து நகரமான மார்க்கத்திலும் (Markham) நிகழ்ச்சிகள் உண்டு. 2024 பெப்ரவரியிலிருந்து அங்கே ஓடும் யோர்க் பகுதி பஸ்ஸிலிருந்து ரொறன்ரோவின் ரி.ரி.சி பஸ்ஸுக்கோ சப்வேக்கோ மாறினால் இரண்டாம் தடவை காசில்லை, அதனால் எல்லை தாண்ட யோசிக்க வேண்டாம். நவம்பர் கடைசி வாரத்தில் எங்கள் ஆட்கள் கொண்டாட்டம் எதுவும் வைப்பதில்லை. போரில் இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் வாரம் அது, உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தென்னிந்தியப் பின்னணிப் பாடகர்கள் வரும் பெரிய ஸ்ரேடியக் கச்சேரிகளுக்கு முதல் வருஷம் போகாதீர்கள் என்பது என் கருத்து. ஒரு கிழமைச் சம்பளம் போய்விடும், திரையில்தான் முகம் தெரியும்.

ஆட்களைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்கப் போனால் மட்டும் பழக்கம் வராது, இருட்டில் வரிசையாக இருந்து ஒரே திசையைப் பார்த்துவிட்டு எழும்பி வருகிறோம், அவ்வளவுதான். கதிரை அடுக்கப் போனால் பழக்கம் வரும். சின்ன அரங்குகளும் விழாக்களும் வாசலில் ரிக்கெற் பார்க்கவும் ஆட்களை இருத்தவும் தொண்டர்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. நிகழ்ச்சியை இலவசமாகப் பார்க்கலாம், அதோடு ‘கனடா அனுபவம் இருக்கிறதா’ என்று கேட்கும் முதலாளிக்குக் காட்ட ஒரு வரியும் கிடைக்கும். தனியாகப் போவதை இங்கே ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், அந்தக் கூச்சம் வேண்டாம்.

கடைசி வரியில், போகிற போக்கில், மிருதங்கம் படித்ததாகவும் விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! செப்டெம்பரில் நடன வகுப்புகள் மறுபடி தொடங்கிவிட்டன. ஒத்திகைக்கு வாசிக்க ஆள் கிடைக்காமல் ஆசிரியைகள் பதிவு செய்த தாளத்தை வைத்து ஆட்டுகிறார்கள். விஜயதசமிக்குள் ஓர் ஆசிரியையிடம் போய்ச் சொல்லுங்கள், கை எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் சனி ஞாயிறு நிறைந்துவிடும். மிருதங்கத்தை ஊரிலிருந்து எடுப்பித்தால், பேஸ்மென்றில் சூடு வரும் துளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஹீற்றர் போடத் தொடங்கியதும் காற்று உலர்ந்து தோல் இறுகும், வெடிக்கவும் கூடும். உறை போட்டு, சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள்.