மென்பொருள் பட்டியலா, தொழில் இலக்கா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பம்புகள் தயாரிக்கும் நிறுவனத்தில் தகவல் அமைப்புகளுக்கான மூன்றாண்டுத் திட்டத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. துறைகள் தங்களுக்கு வேண்டிய மென்பொருள்களைப் பட்டியலிட்டுக் கொடுத்துவிட்டன. நிர்வாகமோ, திட்டம் தொழில் இலக்குகளுக்குத் துணைநிற்க வேண்டும் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு துறைக்கும் என்ன சிரமம் என்பதை அது சொல்லுமே தவிர, நிறுவனம் எங்கே போக நினைக்கிறது என்பதைச் சொல்லாது. விலையிலா, சொன்ன தேதியில் டெலிவரி கொடுப்பதிலா, வாடிக்கையாளர் கேட்கும் விதமாகச் செய்து தருவதிலா, எதில் முந்த விரும்புகிறோம் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். 'மூன்றும்தான்' என்ற பதில் வந்தால் விடாதீர்கள். விலையில் போட்டியிடுபவருக்குப் பாகவாரியான அடக்கவிலையும் கழிவுக் கணக்கும் வேண்டும். தேதியில் போட்டியிடுபவருக்குக் கையிருப்பும் எந்திரங்களின் வேலைச்சுமையும் வேண்டும். மூன்றாமவருக்கோ வரைபடத் திருத்தங்கள் பிசகாமல் உற்பத்திக்கூடத்தை எட்ட வேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ராக்கார்ட் 1979-இல் முன்வைத்த முறை இதற்குப் பொருத்தமானது. தொழில் வெற்றிபெற எந்தச் சில விஷயங்கள் தவறாமல் நடந்தாக வேண்டும் என்பதை மேலாளர்களிடமே கேட்டறிந்து, அவற்றைக் கண்காணிக்கத் தேவைப்படும் தகவலை அதன் பிறகு தீர்மானிப்பதே அதன் சாரம். அதற்கு முன்பே ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கியிருந்த திட்டமிடல் முறை, நிறுவனத்தின் எல்லாச் செயல்முறைகளையும் எல்லாத் தரவு வகைகளையும் ஒரே கட்ட அட்டவணையில் பொருத்திப் பார்ப்பது. முழுமையானதுதான், ஆனால் நடுத்தர நிறுவனம் ஒன்று அதை எழுதி முடிப்பதற்குள் இலக்கே மாறிவிடக்கூடும். எந்தத் தரவை யார் உருவாக்குகிறார், யார் பயன்படுத்த மட்டும் செய்கிறார் என்பதைக் கண்டறியும் அளவுக்கு அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டால் போதும்.

உங்கள் இலக்கு சொன்ன தேதியில் டெலிவரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், அந்தத் தேதியை வாடிக்கையாளரிடம் சொல்பவர் யார், எதை வைத்துச் சொல்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் விற்பனைப் பிரிவில் ஒருவர், போன ஆர்டருக்கு ஆன நாட்களையும் உற்பத்திப் பிரிவுக்குப் போட்ட ஒரு போனையும் நம்பித்தான் தேதி கொடுத்திருப்பார். திட்டம் மேம்படுத்த வேண்டியது அந்த முடிவைத்தான்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: பதிவுகள் சரியா என்று பாராமல் மென்பொருளை வாங்கிவிடுகிறார்கள். எம்.ஆர்.பி. எனப்படும் பொருள் தேவைத் திட்டமிடலின் கணக்கு எளியது: மொத்தத் தேவையிலிருந்து கையிருப்பையும் வரவேண்டிய சரக்கையும் கழித்து, மீதியை லீட் டைமுக்கு, அதாவது ஆர்டர் செய்து பொருள் கைக்கு வர ஆகும் காலத்துக்கு, ஏற்ப முன்கூட்டியே ஆர்டர் செய்யச் சொல்கிறது. ஒரு பம்புக்கு இரண்டு ஆயில் சீல் தேவைப்பட, பாகப் பட்டியலில் ஒன்று என்று பதிவாகியிருந்தால் என்ன ஆகும்? 400 பம்புகளுக்கு 400 சீல் போதும், ஸ்டோர்ஸில் 500 இருக்கிறது, வாங்க வேண்டியதில்லை என்று கணினி சொல்லும். அசெம்பிளியில் 250-ஆவது பம்போடு சீல் தீர்ந்துவிட, மீதி 150 பம்புகள் அரைகுறையாக நிற்கும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஈ.ஆர்.பி.யும் (எல்லாத் துறைகளையும் இணைக்கும் நிறுவன மென்பொருள்) இந்தப் பிழையை வேகமாகப் பரப்புமே ஒழியத் திருத்தாது. ஆகவே முதலாண்டு நிதியில் கணிசமான பங்கைச் சரக்கு எண்ணிக்கைக்கும் பாகப் பட்டியல் திருத்தத்திற்கும் ஒதுக்குங்கள். கையிருப்புப் பதிவில் குறைந்தது 95%, பாகப் பட்டியலில் 98% துல்லியம் என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகோல். புதிய மென்பொருளைப் பற்றிய பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எல்லா எந்திரங்களிலும் சென்சார் பொருத்த வேண்டும் என்கிறார் எங்கள் பராமரிப்புத் தலைவர், முதலில் ஈ.ஆர்.பி. என்கிறது கணக்குப் பிரிவு. யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் வெவ்வேறு கால அளவில் பேசுகிறார்கள். ஐ.எஸ்.ஏ.-95 என்னும் தரநிலை தொழிற்சாலையின் செயல்பாடுகளை 0 முதல் 4 வரையிலான அடுக்குகளாகப் பிரிக்கிறது. மேல் அடுக்கில் வணிகத் திட்டமிடல் மாதங்களிலும் நாட்களிலும் நகர்கிறது. மூன்றாம் அடுக்கில் உற்பத்தி மேலாண்மை ஷிப்ட்களிலும் மணிகளிலும் இயங்குகிறது. அதற்கும் கீழே எந்திரக் கட்டுப்பாடு நொடிக்கணக்கில் நடக்கிறது. எதை முதலில் வாங்குவது என்பதைவிட, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே என்ன கைமாற வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். மேலிருந்து வேலை ஆணை வர வேண்டும். கீழிருந்து நல்ல எண்ணிக்கை, கழிவு, செலவான நேரம் ஆகியவை போக வேண்டும்.

சென்சார்களை, மொத்த உற்பத்தியைத் தடுத்து நிறுத்தும் அந்த ஓர் எந்திரத்தில் முதலில் பொருத்துங்கள். அங்கே இயங்கும் நேரம் 90%, வேகம் 95%, தரம் 98% என்று தனித்தனியே நன்றாகத் தெரிந்தாலும், மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும் ஒட்டுமொத்தத் திறன் ஏறக்குறைய 84% மட்டுமே. மற்ற எந்திரங்களில் கிடைக்கும் வரைபடங்கள் பார்க்க அழகாகவே இருக்கும், டெலிவரித் தேதி மட்டும் அசையாது.

கேள்வி: புதிய அமைப்புக்கு மாற எது நல்ல சமயம்?

பதில்: ஆர்டர்கள் மந்தமாக இருக்கும் மாதம். அமெரிக்க மிட்டாய் நிறுவனமான ஹெர்ஷி, 1999 ஜூலையில் பல மென்பொருள்களை ஒருசேர இயக்கத் தொடங்கி, மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைப் பருவத்தில் கிடங்கில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் திணறியது. தேதியைத் தள்ளிப்போடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். அவர் மென்பொருள் விற்பவராக இருக்கக் கூடாது.