இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் ஒரு காலத்தில் சமமாக இருந்தனவா? 1970-ல் விகிதம் என்ன?

கேள்வி கேட்டவரின் தாத்தா 1970-ல் இலங்கையிலிருந்து கொஞ்சம் சேமிப்போடு தமிழ்நாடு திரும்பியிருக்கிறார். "அப்போது அங்கத்திய காசுக்குத்தான் மதிப்பு அதிகம்" என்று அவர் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லையாம். இப்போதைய விகிதத்தை மட்டும் பார்த்தால் நம்பத் தோன்றாதுதான். ஆனால் பெரியவர் சும்மா சொல்லவில்லை.

முதலில், சமமாக இருந்தனவா? ஆமாம், ரொம்ப காலம். சொல்லப்போனால் 19-ஆம் நூற்றாண்டில் இரண்டும் ஒரே நாணயம். காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க இந்திய வெள்ளி ரூபாய்தான் கப்பலில் போனது. 1872-ல் இலங்கை தன் ரூபாயை நூறு சதமாகப் பிரித்துக்கொண்டது. இந்தியா 1957 வரை அணாவில் எண்ணிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். 1884-ல் இலங்கையில் தனி நாணயச் சபை வந்தது. அது நோட்டுகளை வெளியிட்டதும் இந்திய ரூபாயைக் கையிருப்பாக வைத்துத்தான். அதனால் 1949 செப்டம்பரில் பவுண்டோடு சேர்ந்து இந்திய ரூபாய் இறங்கியபோது இலங்கை ரூபாயும் கூடவே இறங்கியது. ஒரு டாலர் இரண்டு நாட்டிலும் 4.76 ரூபாய் ஆனது.

1950-ல் இலங்கை மத்திய வங்கி தொடங்கியபோது இந்தப் பிணைப்பு சட்டப்படி அறுந்தது. ஆனால் விகிதம் அசையவில்லை. இலங்கைச் சட்டம் ஒரு ரூபாயை 2.88 கிரெய்ன் (ஒரு சிறிய எடை அளவு) தங்கம் என்று வரையறுத்தது. இந்திய ரூபாய்க்குச் சர்வதேச நாணய நிதியத்தில் பதிவாகியிருந்த தங்க அளவும் அதுவேதான். அதாவது ஒன்றுக்கு ஒன்று என்பது இரு நாடுகளும் பேசி வைத்த விகிதம் அல்ல. இரண்டும் தனித்தனியாகத் தங்கத்துக்கு ஒரே விலை சொன்னதால் தானாக வந்தது. யார் முதலில் விலையை மாற்றினாலும் சமம் உடையும்.

மாற்றியது இந்தியா. 1966 ஜூன் 6 அன்று டாலர் 4.76-லிருந்து 7.50 ரூபாய்க்குப் போனது. (இதைச் சிலர் 36.5 சதவீதம் என்பார்கள், சிலர் 57.5 என்பார்கள். இரண்டும் சரி. ரூபாயின் மதிப்பு 36.5 குறைந்தது, டாலரின் விலை 57.5 கூடியது.) இலங்கை அன்று அசையவில்லை. ஒரே நாளில் ஒரு இலங்கை ரூபாய் 1.57 இந்திய ரூபாய் ஆகிவிட்டது. 1967 நவம்பரில் பவுண்டு மறுபடி இறங்கியபோது இலங்கையும் 20 சதவீதம் இறக்கி டாலரை 5.95 ஆக்கியது. இந்தியா இம்முறை 7.50-லேயே நின்றது. அப்போதும் ஒரு இலங்கை ரூபாய்க்கு 1.26 இந்திய ரூபாய்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பார்க்க, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றி இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாயகம் திரும்பும் குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்ச வரம்பை 4,000 இலங்கை ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்தான அன்று அது 4,000 இந்திய ரூபாய். 1966 இறுதியில் காகிதக் கணக்கில் சுமார் 6,300. ஒரு வருஷம் கழித்து சுமார் 5,040. ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

சரி, 1970-க்கு வருவோம். இங்கேதான் சிக்கல். 1968 மே மாதம் இலங்கை அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்ற முறையைக் கொண்டுவந்தது. அரிசி, மாவு போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும், தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் பழைய 5.95. மற்ற பெரும்பாலான இறக்குமதிக்கு டாலர் வேண்டுமானால் சான்றிதழும் வாங்க வேண்டும். அதற்கு முதலில் 44 சதவீதம், 1969-ல் 55 சதவீதம் கூடுதல். 55 சதவீதம் சேர்த்தால் டாலர் 9.22 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு இலங்கை ரூபாய்க்குக் கிடைப்பது 81 காசு!

ஆக, ஒரே நாளில் இலங்கை ரூபாய் இந்திய ரூபாயைவிட உசத்தியும்தான், மட்டமும்தான். இணையத்தில் கிடைக்கும் பழைய விகிதப் பட்டியல்களில் இந்த வருஷங்களுக்கு ஒற்றை எண்ணைப் போட்டிருந்தால் நான் அதை நம்ப மாட்டேன். பெரும்பாலும் அது அரசு விகிதம் மட்டும்தான்.

1977 நவம்பரில் இந்த இரட்டை விகிதத்தை ஒழித்து, டாலருக்கு 16 ரூபாய் என்று தொடங்கினார்கள். இந்தியாவில் அப்போது ஒன்பதைக்கூடத் தொடவில்லை. அன்றிலிருந்து இந்திய ரூபாய்தான் மேலே. நடுவில் 1991-ல் இந்தியா தன் ரூபாயை இறக்கியபோது இடைவெளி கொஞ்சம் சுருங்கியது. 2022-ல் இலங்கையில் டாலர் இரண்டே மாதத்தில் சுமார் 200-லிருந்து 360 பக்கம் பாய்ந்தபோது ரொம்பவே விரிந்தது.

தாத்தாவின் பணத்துக்கு எந்த விகிதம் கிடைத்தது என்பதை அவருடைய காகிதங்கள்தான் சொல்லும். வங்கி ரசீதோ அனுமதிப் பத்திரமோ இருந்து, அதில் இரண்டு நாட்டுத் தொகையும் இருந்தால், இந்தியத் தொகையை இலங்கைத் தொகையால் வகுத்துப் பாருங்கள். 1.26 பக்கம் வந்தால் அரசு விகிதம், 0.81 பக்கம் வந்தால் சான்றிதழ் விகிதம்.