சொட்டினால் வராது, கீறினால் வரும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: களத்தில் ராகித் தாள் கண்ணில் குத்தி, என் பெரியம்மாவுக்கு இரண்டே நாளில் கருவிழியில் வெள்ளையாகப் புண் வந்துவிட்டது. ஆனால் சுண்டெலியின் கண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியாவைச் சொட்டினாலும் நோய் வராது என்று வகுப்பில் சொன்னார்கள். எப்படி?
– நுண்ணுயிரியல் மாணவி, பாலக்கோடு

பதில்: கருவிழியின் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம், கார்னியா) மேல்தோல் முழுதாக இருக்கும்வரை கிருமிக்கு ஒட்ட இடமில்லை. இமைப்பும் கண்ணீரும் அதைக் கழுவித் தள்ளிவிடும். பெரியம்மாவுக்குத் தாள் கீறி வழி விட்டது. ஆய்வகத்தில் அந்த வேலையை ஊசி செய்கிறது. கெட்டமின், சைலசின் கொடுத்து மயக்கிய எலியின் ஒரு கண்ணில் மட்டும், 25 அல்லது 27 கேஜ் (ஊசியின் பருமன் எண்) ஊசி முனையால் 1 மி.மீ. நீளத்தில் மூன்று கோடுகள் கீறுவார்கள். அதன்மேல் 5 மைக்ரோ லிட்டர் கரைசல். அதில் பத்து லட்சம் அளவில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா. மற்றக் கண்ணைத் தொடுவதில்லை, எலி முழுக் குருடாகிவிடக் கூடாதல்லவா.

கை பழகாதவர்கள் சறுக்குவது இங்கேதான். கீறல் மேலோட்டமாக இருந்தால் தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். ஆழமாகப் போனால், எலியின் கருவிழி மிக மெல்லியது என்பதால், ஊசி உள்ளே இறங்கிவிடும். பிறகு நாம் பார்ப்பது கருவிழிப் புண் அல்ல, கண்ணுக்குள்ளேயே சீழ். மயக்கம் சீக்கிரம் தெளிந்தால் ஓர் இமைப்பில் சொட்டு வெளியே போய்விடும். கெட்டமின் வாங்கிய எலி கண்ணை மூடாது. கருவிழி காய்ந்து அதுவே காயமாகும், லென்ஸும் சிறிது நேரம் வெளுக்கும். அந்த வெளுப்பைப் புண் என்று எண்ணிக் குறித்துக்கொண்டால் கணக்கே தப்பு.

எலியின் இனமும் முக்கியம். சி57 பிளாக் 6 எலிக்கு ஒரு வாரத்துக்குள் கருவிழி ஓட்டையாகிவிடும். அதே கிருமி, அதே அளவு, பால்ப்-சி எலிக்குப் புண் ஆறத் தொடங்கும். எலியின் எதிர்ப்பு செல்கள் எவ்வளவு கொதிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். எந்த எலி என்று சொல்லாத ஆய்வுக் கட்டுரையை ஒதுக்கிவிடலாம்.

பெரியம்மாவுக்கு வந்தது பூஞ்சையாகவும் இருக்கலாம். புண்ணைச் சுரண்டி ஸ்லைடில் பார்த்தால்தான் தெரியும். அதுவரை மெடிக்கலில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம்.

கேள்வி: மருந்துச் சோதனைக்கு மட்டும் ஏன் முயல்?
– மருந்தாளுநர், ஓசூர்

பதில்: கண் பெரிது. முயலின் கருவிழி சுமார் 0.4 மி.மீ. தடிமன், நமக்கு அரை மி.மீ.க்குச் சற்று மேல். அதனால் கீறாமலே, 30 கேஜ் ஊசியால் கருவிழிப் படலத்தின் தடிமனுக்கு நடுவில் 10 மைக்ரோ லிட்டர் கிருமிக் கரைசல் செலுத்தலாம். ஆயிரம் சூடோமோனாஸ் போதும். சரியாக இறங்கினால் சிறு வெண்குமிழ் தெரியும். பிறகு மருந்தை ஊற்றி, ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) சிவப்பு, வீக்கம், சீழ் என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை குறித்துவிட்டு, கருவிழியை வெட்டி அரைத்து, மிஞ்சிய கிருமிகளைத் தட்டில் வளர்த்து எண்ணுவார்கள்.

ஒரு பொறி உண்டு. அரைத்த கருவிழியில் தங்கிய மருந்து தட்டிலும் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். நோயில்லாத முயலுக்கு அதே மருந்தை ஊற்றி, அதன் கருவிழியை அரைத்து, எண்ணித் தெரிந்த கிருமியைக் கலந்து பார்த்தால் இது அம்பலமாகும். இன்னொன்று: கிருமியைச் செலுத்திய சில மணி நேரத்தில் மருந்தை ஊற்றத் தொடங்கினால் எந்த நல்ல மருந்தும் ஜெயிக்கும். நம் ஊர் நோயாளி தர்மபுரிக்குப் பஸ் ஏறுவதே மூன்றாம் நாள்தானே! முயல் வேறு அரிதாகத்தான் இமைக்கும், மருந்து அதன் கண்ணில் அதிக நேரம் நிற்கும்.

கேள்வி: கறிக்கடை ஆட்டுக் கண்ணில் இதைச் செய்ய முடியுமா?
– விரிவுரையாளர், பென்னாகரம்

பதில்: தாராளமாக. உயிருள்ள விலங்கு என்றால் நிறுவனப் பதிவும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். தலையை நெருப்பில் வாட்டுவதற்கு முன்பே கண்ணை எடுத்து ஐஸில் வையுங்கள். பொவிடோன் அயோடினில் நனைத்து, உப்புக் கரைசலில் பலமுறை அலசுங்கள். அயோடின் மிஞ்சினால் நீங்கள் விடும் கிருமியும் செத்துவிடும். வெண்விழி 2–3 மி.மீ. ஓரம் விட்டுக் கருவிழியை வெட்டி, குழிவில் அகர் (கூழாக உறையும் பொருள்) நிரப்பிக் கவிழ்த்து, வளர்ப்பு ஊடகத்தை (திசுவுக்கான சத்துக் கரைசல்) ஓரம்வரை மட்டும் ஊற்றி 37 டிகிரியில் வையுங்கள். கிருமி விடாத ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அது கலங்கினால் கடைக்கிருமி உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

கிருமி ஒட்டுவதும் பெருகுவதும் மருந்து ஊடுருவுவதும் இதில் தெரியும். ரத்தமும் கண்ணீரும் இல்லாததால் சீழும் தழும்பும் தெரியாது.