செக்ரட்டரி ஓனரைக் காட்டுகிறார், ஓனர் செக்ரட்டரியைக் காட்டுகிறார்: வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வது?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் 40 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். வாடகை 18,000 ரூபாய். மெயின்டெனன்ஸ் 2,500 ரூபாயை நேராக அசோசியேஷனுக்குக் கட்டுகிறோம். மூன்று மாதமாகக் குழாயில் மஞ்சள் தண்ணீர் வருகிறது. லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது. பாத்ரூம் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது. செக்ரட்டரி, "ஓனரைப் பேசச் சொல்லுங்க" என்கிறார். பெங்களூரில் இருக்கும் ஓனரோ, "அங்கேயே பேசிக்கோங்க" என்கிறார். மெயின்டெனன்ஸ் கட்டுவதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகையோ, ஒப்பந்தத்தில் உள்ள மற்ற கட்டணங்களோ பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் விட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். அப்புறம் மஞ்சள் தண்ணீரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், உங்கள் பாக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள். வாட்ச்மேன் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், வீட்டு எண்ணையும் மாதத்தையும் குறிப்பிட்டு வங்கி வழியாகக் கட்டுங்கள்.

செக்ரட்டரி சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. அசோசியேஷன் என்பது வீட்டு உரிமையாளர்களின் சங்கம். பணம் நீங்கள் கட்டினாலும் உறுப்பினர் உங்கள் ஓனர்தான். அதனால் ஓனரிடம் முதலில் வாங்க வேண்டியது இரண்டு வரிக் கடிதம்: "என் வீடு தொடர்பான பராமரிப்புப் புகார்களை என் சார்பில் தரவும் பதில் பெறவும் வாடகைதாரருக்கு அனுமதி அளிக்கிறேன்." தன் வேலை குறைகிறது என்பதால் வெளியூர் ஓனர்கள் பெரும்பாலும் இதைத் தயங்காமல் எழுதித் தருவார்கள். அதன்பின் எல்லாப் புகாரும் ஓனருக்கு மின்னஞ்சலாகப் போகட்டும், செக்ரட்டரிக்கு நகல் போகட்டும். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடும் புலம்பல் புகாராகாது.

"தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால், "போர் தண்ணி அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வெள்ளை பக்கெட் ஒன்றில் காலையில் வரும் முதல் தண்ணீரைப் பிடித்து, இரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பிடிக்கும்போதே கலங்கலாக இருந்து பிறகு அடியில் வண்டல் படிந்தால், அது சம்ப்பிலோ (தரைக்கடித் தொட்டி) மேல்தொட்டியிலோ சேர்ந்த சேறு. பிடிக்கும்போது தெளிவாக இருந்து நேரம் போகப் போகச் செம்மஞ்சளாக மாறினால், போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. சாக்கடை வாடை அடித்தால் சம்ப் சுவரில் விரிசல் விழுந்து பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டி கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அன்றிலிருந்து அந்தத் தண்ணீரைச் சமையலுக்கும் தொடாதீர்கள். பிடித்தபோதும் இரண்டு மணி நேரம் கழித்தும் பக்கெட்டை நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். ஒரே ஒரு குழாயில் மட்டும் கலங்கல் என்றால், அதன் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவினாலே சரியாகிவிடலாம். சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் வெவ்வேறு தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் கட்டடங்களும் உண்டு. எந்தக் குழாயில் பிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

சேறுதான் காரணம் என்றால் சம்ப்பையும் மேல்தொட்டியையும் சேர்த்துக் கழுவ வேண்டும். மேல்தொட்டியை மட்டும் கழுவிவிட்டுப் பில் போடுவது வழக்கமான ஏமாற்று. மறுநாள் மோட்டார் ஓடியதுமே சம்ப்பின் வண்டல் மேலே ஏறிவிடும். தேய்த்துக் கழுவி வண்டலை அள்ளியபின், 1,000 லிட்டர் கொள்ளளவுக்குச் சுமார் 150 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, கசடு படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, தொட்டியை நிரப்பிக் குறைந்தது 4 மணி நேரம் வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரை யாரும் பயன்படுத்தாமல் முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். வாய் பிரிந்து கிடந்த பழைய மூட்டைப் பவுடரில் குளோரின் பாதி பறந்திருக்கும். இரும்புதான் காரணம் என்றால் பிளீச்சிங் உதவாது, நிறத்தை இன்னும் ஏற்றிவிடும். அதற்கு இரும்பு நீக்கும் வடிகட்டி வேண்டும், அது அசோசியேஷன் செலவு. தண்ணீரைப் பரிசோதிக்க கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டை அணுகலாம். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் மாதிரி எடுக்க வேண்டும், மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோனால் அந்த முடிவு எதற்கும் ஆகாது.

லிஃப்ட் விஷயத்தில் இரண்டு காகிதங்களின் நகலை ஓனர் மூலமாகக் கேளுங்கள்: மின் ஆய்வுத் துறை தந்த உரிமம், நடப்பு ஆண்டின் பராமரிப்பு ஒப்பந்தம். நின்ற தேதி, நேரம், மாடி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கரன்ட் போகும்போது மட்டும் நின்றால், அருகில் உள்ள மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடும் கருவியின் பேட்டரி செத்திருக்கலாம். தளத்துக்குச் சமமாக நிற்காமல் ஓரிரு அங்குலம் ஏறியோ இறங்கியோ நின்றால் பிரேக்கைச் சந்தேகிக்க வேண்டும். அது சரியாகும்வரை படியில் ஏறுங்கள்.

கூரைக் கசிவுக்கு அசோசியேஷனை இழுக்க வேண்டாம். அது மேல்வீட்டு ஓனருக்கும் உங்கள் ஓனருக்கும் இடையிலான கணக்கு. மேல்வீட்டில் அந்த பாத்ரூமை 48 மணி நேரம் பயன்படுத்தாமல் இருக்கச் சொல்லுங்கள். சொட்டுவது நின்றால் தரையிலோ வடிகால் இணைப்பிலோ ஓட்டை. நிற்காவிட்டால் தண்ணீர் வரும் குழாயில்தான் கசிவு, மொட்டை மாடியில் அந்த வீட்டின் கேட் வால்வை மூடிப் பார்த்தால் உறுதியாகிவிடும். கசிவை அடைக்காமல் உங்கள் கூரைக்குப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. ஈரம் விளக்கு வரை பரவியிருந்தால் அந்த மின்சுற்றை அணைத்து வையுங்கள்.

கட்டடப் பழுது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, ஒயரிங், வெள்ளையடிப்பு எல்லாம் ஓனர் பொறுப்பு என்கிறது சட்டத்தின் அட்டவணை. குழாய் வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச் போன்றவை உங்கள் பொறுப்பு. எழுத்தில் கேட்டும் ஓனர் தன் பங்கைச் செய்யாவிட்டால், நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. ஆனால் சம்ப் கழுவிய கூலியை இப்படிக் கழிக்கப் போகாதீர்கள். அது பொதுச் சொத்து, அங்கே வம்பு வரும்.

தண்ணீர், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு ஆகியவை சட்டப்படி அத்தியாவசியச் சேவைகள். ஓனரோ நிர்வாகியோ அவற்றைத் தடுத்தால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் முறையிடலாம், அவர் இடைக்கால உத்தரவும் போடலாம். வேண்டுமென்றே நிறுத்தியதை நிரூபிப்பது எளிது, சோம்பலால் கெட்டுப்போனதை நிரூபிப்பது கடினம். மின்னஞ்சல்களும் லிஃப்ட் நோட்டும் அங்கேதான் கைகொடுக்கும்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண் வந்திருக்கிறதா? 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். இந்தச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணமாக்கிக் காலி செய்யக் கேட்கவும் இடமுண்டு. முதல் மின்னஞ்சலிலேயே பதிவு செய்து தரும்படி ஓனரிடம் கேட்டுவிடுங்கள்.