பயணத் தடை இருக்கும்போது, புதிதாக வாங்கிய படகை வெகுதூரம் கொண்டுவருவது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பது இது: 9 மீட்டர் பாய்மரப் படகு, பழையது, 18 மாதமாக ஓடாமல் கிடந்தது. 300 கடல் மைல் கொண்டுவர வேண்டும். வழியில் பாதித் துறைமுகங்கள் வெளிப்படகுகளைச் சேர்ப்பதில்லை. கடல் வழியா, லாரியா என்று கேட்கிறீர்கள்.

2020-ல் கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவே நானும் என் தம்பியும் இதே வேலையைச் செய்தோம். எங்களுக்கு 280 கடல் மைல், சுமார் 520 கிலோமீட்டர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சாதாரண நாளில் காற்று திரும்பினாலோ, இன்ஜின் சத்தம் மாறினாலோ பக்கத்துத் துறைமுகத்தில் ஒதுங்கிவிடலாம். தடை நேரத்தில் அந்த வசதிதான் முதலில் போகிறது. அதனால் படகைத் தொடுவதற்கு முன்பே வழியில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் போன் போடுங்கள். நாங்கள் ஏழு இடத்தில் கேட்டோம். ஒரு இடத்தில் டீசல் மட்டும் தருவோம் என்றார்கள். இன்னொரு இடத்தில் நங்கூரம் போட்டுக்கொள்ளலாம், கரையில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். மற்ற ஐந்தும் கையை விரித்துவிட்டன. சம்மதித்த இரண்டு பேரிடமும் அதை மின்னஞ்சலில் வாங்கி, அச்செடுத்துப் படகிலேயே வைத்திருந்தோம். போனில் பேசியவரே நாம் போய்ச் சேரும் நேரத்திலும் பணியில் இருப்பார் என்று நம்ப முடியாது.

அந்த நாட்களில் இது பெரிய கடலிலும் நடந்ததுதான். 2020-ன் முதல் பாதியில் அட்லாண்டிக்கைக் கடந்துவந்த பாய்மரப் படகுகள் அசோர்ஸ் தீவுகளின் ஹோர்ட்டா துறைமுகத்தில் நங்கூரம் போட அனுமதிக்கப்பட்டன. எரிபொருளும் உணவும் கிடைத்தன, கரையிறங்கத்தான் அனுமதி இல்லை. ஆபத்து என்றால் எந்தத் துறைமுகமும் உள்ளே விட்டுவிடும் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உதவி வரும், அது உண்மை. ஆனால் தூக்கமின்மையும் தீர்ந்துபோன டீசலும் அந்தக் கணக்கில் சேரும் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள்.

டீசல் கணக்கை இப்படிப் போடுங்கள். எங்கள் டாங்க் 60 லிட்டர், மணிக்கு 2 லிட்டர் செலவு. மூன்றில் ஒரு பங்கைத் தொடவே கூடாது என்று ஒதுக்கினால் மிச்சம் 40 லிட்டர், அதாவது 20 மணி நேரம். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 100 கடல் மைல். காற்று ஒத்துழைக்காவிட்டால் அவ்வளவுதான் நம் எல்லை. ஒதுங்கும் இடங்களுக்கு நடுவே இதைவிட அதிக தூரம் இருந்தால் கேன்களில் கூடுதல் டீசல் வேண்டும்.

இப்போது, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மனதில் வந்த விஷயம். இரண்டாம் நாள் அந்தி, அலை பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் இன்ஜின் திணறி, இரண்டு முறை இருமி, நின்றுவிட்டது. தம்பி பாயை விரித்துப் படகைக் கட்டுக்குள் வைத்திருந்தான். நான் கீழே இறங்கி டீசல் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாக, அல்வா பதத்தில் ஒரு கசடு. விரலால் வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், டீசல் நெடியில், புது ஃபில்டர் போட்டு, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். விடிவதற்குள் மூன்று ஃபில்டர் தீர்ந்தது. நாங்கள் கொண்டுபோனதே நான்குதான்.

ஓடாமல் கிடக்கும் டாங்கில் ஈரம் நீராகி அடியில் தங்கும். டீசலும் அந்த நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கசடாகும். கரையில் கட்டிவைத்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டாங்கைக் கலக்கிவிட அலை வேண்டும். எங்கள் சோதனை ஓட்டம் அமைதியான தண்ணீரில் நடந்தது, அதுதான் நாங்கள் செய்த தவறு.

ஆகவே டாங்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் உறிஞ்சி, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். அடியில் நீரோ கறுப்போ தங்கினால் டாங்கைச் சுத்தம் செய்யாமல் நகராதீர்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரையும் (சுழலும் இதழ்ச் சக்கரம்) மாற்றிவிடுங்கள். நெடுநாள் அசையாமல் இருந்தால் அதன் இதழ்கள் மடிந்தபடியே இறுகி, ஓட்டத்தில் உடையும்.

லாரி விஷயம். சரக்கு வண்டிகளுக்குத் தடை இல்லாத இடம் என்றால் அதுவே நல்லது என்பேன். பாய்மரத்தைக் கழற்ற வேண்டும், இரண்டு முனையிலும் கிரேன் வேண்டும், செலவு கூடும். ஆனாலும் அறிமுகமில்லாத படகில் ராத்திரிக் கடலில் நிற்க வேண்டியதில்லை. இன்னொரு வழியையும் யோசியுங்கள்: தடை தளரும்வரை படகை அங்கேயே கரையேற்றி வைப்பது. வாங்கியதை உடனே வீட்டுக்குக் கொண்டுவரும் அவசரம் எனக்கும் இருந்தது, புரிகிறது.

கடல் வழிதான் என்று முடிவெடுத்தால், அரசுத் தடை இருக்கும் நேரத்தில் செய்யும் பயணத்துக்கு இன்சூரன்ஸ் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே வீட்டு ஆட்களாகப் போனால் அனுமதி கேட்பது சுலபம். இரண்டே பேர் என்றால் ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாற்றுங்கள்.

பாட்டிலில் எடுத்த டீசலின் படத்தைக் கீழே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.